பொட்டு வைத்த ஃப்ளாப்பி

கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் திருடன் எந்த வழியாக நுழைவான் என்று, அவனுக்கு முன்னால் போய்ப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. இதை எங்கே படித்தீர்கள் என்று இளவட்டங்கள் கேட்பதுண்டு. ஏதாவது வெளிநாட்டுக் கல்லூரியின் பெயர் வரும் என்று காத்திருப்பார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். கம்ப்யூட்டரை வெறுங்காலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த தலைமுறை நம்முடையது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் எட்டாவது முடித்த கோடை விடுமுறை. எங்கள் வீடு காவேரிப்பட்டினத்தில். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஓசூரில் வேலை கிடைத்து ஒரு அறை பார்த்திருந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் அண்ணனான என் மாமா ஒரு சட்டம் போட்டார். கல்யாணமாகாத பெண் தனியாக இருக்கக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். விடுமுறையில் சும்மா கிடந்தவள் நான்தான்.

“லீவு முடியற வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள உம்மேல ஒரு பேச்சு வந்தாலும் பொட்டியக் கட்டிக்கிட்டு வந்திரணும். மாப்பள வீட்டுல எத்தன நாளைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க?” என்றார் மாமா. மாப்பிள்ளையின் போட்டோ அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சித்தி அதை வாங்கிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவது போல என்னைச் சித்தியோடு கட்டி பஸ் ஏற்றினார்கள். பல்லாங்குழியில் தோற்றால் அழுகிற ஒரு பிள்ளை, சம்பாதிக்கிற ஒரு பெண்ணுக்கு எப்படிக் காவல் ஆவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. இன்று பெரிய பெரிய கம்பெனிகள் காவலுக்கென்று வாங்கி வைத்திருக்கும் சில சாமான்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பிள்ளைதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

அறையில் தனியாக விட முடியாது என்பதால் சித்தி, தான் வேலை பார்த்த அந்த டைப்ரைட்டிங் சென்டருக்கு என்னையும் அழைத்துப் போவாள். முன்னறையில் பழைய டைப்ரைட்டர்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பின்னறையில் ஏசி, பச்சைக் கம்பளம், ஜன்னலுக்கு வெல்வெட் திரை, இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்கள். மாங்காய்க் காலத்து வெயிலிலிருந்து போன எனக்கு அந்த அறையின் குளிர் பிடித்திருந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை அங்கே இருக்கும். இன்றும் சர்வர் அறைக்குள் நுழையும்போது என் மூக்கு அந்த ஊதுபத்தியைத் தேடுகிறது.

சென்டரின் சொந்தக்காரரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நெற்றி நிறைய விபூதி, பையில் இரண்டு பேனா, வாய் நிறைய நம்பிக்கை. கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடவே வந்த ஒரிஜினல் ஃப்ளாப்பியை அவர் வெளியில் எடுத்ததே கிடையாது. அதற்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலைப் போட்டுத்தான் முதல் மெஷினைத் தினமும் கிளப்புவார். ஒரிஜினல், சந்தனம் குங்குமத்தோடு சாமி அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் முன்னால் வரும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கணக்குப் புத்தகம் புதிதாக எடுத்தால் நாம் முதல் பக்கத்தில் சுழி போடுவோம் இல்லையா? ஃப்ளாப்பிக்கும் மாஸ்டர் அதையே செய்தார். புது ஃப்ளாப்பி எது வந்தாலும் முதல் மெஷினுக்குள் போய், பிள்ளையார் சுழி என்று அவர் எழுதி வைத்திருந்த ஒரு சின்னக் கோப்பு அதில் ஏறிய பிறகுதான் வேலைக்கு வரும். மாஸ்டருக்குக் கைராசி என்று பேராகிவிட்டது. தொழிற்பேட்டைக் கம்பெனிகளிலிருந்தும் பாகலூர் ரோட்டு விதைக் கடையிலிருந்தும் ஃப்ளாப்பிப் பெட்டியைப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். “சுழி போட்டுக் குடுங்க மாஸ்டர்” என்று நிற்பார்கள். அவரும் ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றி உள்ளே தள்ளுவார்.

அங்கேதான் எனக்குத் தோழி கிடைத்தாள். பாகலூர்க்காரி, என் வயது, விடுமுறைக்கு டைப்பிங் படிக்க வந்தவள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். எங்கள் இருவரையும் யாரும் கம்ப்யூட்டரைத் தொட அழைக்கவில்லை. மத்தியானம் மாஸ்டர் சாப்பிடப் போகும்போது இரண்டாவது மெஷின் சும்மா இருக்கும். ஆனால் அதைக் கிளப்பியதும் பாஸ்வேர்டு கேட்கும்.

நாங்கள் ஊகித்துப் பார்த்தோம். மாஸ்டரின் மனைவி பேர், சாமி பேர், ஊர்ப் பேர். ஒன்றும் திறக்கவில்லை. பிறகு பழைய பேப்பர் கடையில் ஒரு பொக்கிஷம் மாட்டியது. பெங்களூரிலிருந்து கழித்துக் கட்டிய இங்கிலீஷ் கம்ப்யூட்டர் புத்தகம், அட்டை இல்லாமல், கரையான் ஒரு மூலையைச் சாப்பிட்டது போக மீதி. கடைக்கார பாய் எடை போட்டுப் பார்த்தார்.

“படிச்சிட்டுக் கொண்டாந்து குடுத்திருங்கம்மா. எடை மட்டும் குறையக் கூடாது” என்றார்.

எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். புரியாத சொல்லைப் புரியாமலேயே விட்டுவிட்டு, அதில் சொன்னபடி தட்டிப் பார்த்தோம். கம்ப்யூட்டர் என்ன பதில் சொன்னதோ அதுதான் எங்களுக்கு அகராதி. அப்படித்தான் ஒரு நாள் தெரிந்தது, பாஸ்வேர்டு கேட்கிற நிரல் ஓடத் தொடங்கும் நொடியில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், ‘நிறுத்திவிடவா?’ என்று மெஷினே பணிவாகக் கேட்கும். ஆமாம் என்றோம். திறந்துகொண்டது. பூட்டு என்னவோ பெரியதுதான், ஆனால் கதவில் தாழ்ப்பாளே இல்லை.

தோழி குதித்தாள். சித்தி வந்து பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு எங்கள் இருவர் காதையும் பிடித்தாள்.

“தொறந்து பாத்தது தப்பில்லடி. தொறந்தத யாருதோ அவங்க கிட்ட சொல்லாம இருந்தாத்தான் தப்பு. வாங்க, மாஸ்டர் கிட்ட போய்க் காட்டுங்க.”

காட்டினோம். மாஸ்டருக்கு முகம் சிவந்தது. மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. நான்காம் நாள், “அதுல வேற ஏதாச்சும் ஓட்ட இருக்குதா பாருங்க” என்று அவரே இரண்டாவது மெஷினைக் கிளப்பிக் கொடுத்தார். என் தொழிலின் மொத்த நெறியும் சித்தி காதைத் திருகிய அந்த நிமிடத்தில் எனக்கு வந்துவிட்டது. பின்னால் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் சட்டம் போட்டு மாட்டத்தான்.

வைகாசியில் அந்தப் புள்ளி வந்தது. கியர் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர் கணக்கைச் சித்தி சென்டரில் டைப் அடித்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, கம்பெனி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு நாள் அங்கே மேனேஜர் கண்ணெதிரே, திரையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி, பந்து போல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு எழுத்துகளுக்கு நடுவே ஓடியது. முதலில் எல்லாரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஸ்டோர் கணக்கு ஃப்ளாப்பி ஒன்று திறக்கவே இல்லை. பெங்களூரிலிருந்து வந்த ரிப்பேர்காரர் ‘இது வைரஸ்’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம் சித்திக்குச் சளி.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கீபோர்டை டெட்டால் வைத்துத் துடைத்தார். சித்தியை முன்னறை டைப்ரைட்டரில் உட்காரச் சொன்னார். “தப்பா நெனைக்காதம்மா, ஏசி ரூம்ல சீக்கிரம் பரவும்” என்றார். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், படித்தவர், அவர் சளியையெல்லாம் நம்பவில்லை. அவர் நம்பியது அதைவிட மோசம். போட்டிக் கம்பெனிக்காக யாரோ சித்தியிடம் கெட்ட ஃப்ளாப்பி கொடுத்து அனுப்பியதாக அவருக்குச் சந்தேகம்.

“ஏனுங்க மாஸ்டர், அந்தப் புள்ள கைய விட்டுத்தானுங்க எங்க ஆபீசுக்குள்ள வருது? ஞாயித்துக்கெழம நானே வர்றனுங்க. என்னன்னு ஒரு முடிவு சொல்லீருங்க. இல்லீன்னா வேலையும் வேண்டாம், அந்தப் புள்ளையும் வேண்டாம்.”

ஓசூரில் ஒரு சொல் விழுந்தால் அடுத்த பஸ்ஸில் காவேரிப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடும். மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பக்கத்து வீட்டு போனில் தகவல் சொன்னார். சித்தி அன்று சாயங்காலம் சமைக்கவில்லை. பாயில் உட்கார்ந்து தன் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்தாள். போய்விடுவோம் என்ற பயத்தைவிட, அவள் ஒரு சொல் கூடத் திட்டாமல் மடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் நானும் தோழியும், நாங்கள் பழக வைத்திருந்த ஃப்ளாப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டோம். ஃப்ளாப்பியில் எத்தனை இடம் கெட்டிருக்கிறது என்று சொல்லும் ஒரு கட்டளை அந்தக் கரையான் புத்தகத்தில் இருந்தது. சென்டரில் கையில் கிடைத்த எல்லாவற்றையும் சோதித்தோம். எல்லாவற்றிலும் ஒரே அளவு இடம் கெட்டிருந்தது. பழையதிலும் அப்படித்தான், நேற்றுப் பிரித்த புதியதிலும் அப்படித்தான். சித்தி தொட்டே பார்க்காத ஃப்ளாப்பியிலும் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியிருந்தது. தோழியினுடையது.

அவளுடைய ஃப்ளாப்பியில் ஒரு பாட்டு நிரல் இருந்தது. பீப் பீப் என்று கம்ப்யூட்டர் பாடும். அதை யாரும் அழித்துவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்குமே, நினைவிருக்கிறதா? அதை ஒட்டி மூடிவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எதையும் எழுத முடியாது. அதற்கென்றே பெட்டியில் வெள்ளி ஸ்டிக்கர்கள் வரும். மாஸ்டர் அவற்றையெல்லாம் ஆயுத பூஜைத் தோரணத்தில் ஒட்டித் தீர்த்திருந்தார். அதனால் தோழி தன் நெற்றிக்கு வைக்கிற பெரிய மெரூன் வெல்வெட் பொட்டை அந்த வெட்டின் மேல் மடித்து ஒட்டியிருந்தாள். மாஸ்டர் கையால் சுழி போடுவதற்கும் அவள் கொடுக்கவில்லை, பாட்டு போய்விடும் என்று.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. உள்ளே போகிற எல்லா ஃப்ளாப்பியிலும் ஏதோ ஒன்று, நமக்குத் தெரியாமல், தன்னை எழுதி, அந்த இடத்தைக் கெட்டது என்று குறித்துவிடுகிறது. பொட்டு வைத்ததில் அதனால் எழுத முடியவில்லை. புது ஃப்ளாப்பி இரண்டை எடுத்தோம். ஒன்றுக்குப் பொட்டு வைத்தோம், ஒன்றை வெறுமனே விட்டோம். இரண்டையும் முதல் மெஷினில் போட்டு எடுத்தோம். பொட்டு வைத்தது சுத்தம், வெறுமனே போனது கெட்டிருந்தது. திரும்பச் செய்தோம், திரும்பவும் அதேதான். மெஷின் கிளம்பும்போதே அது மாஸ்டரின் நகலிலிருந்து மெஷினுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்று ஊகித்தோம். பிறகு கைராசிக்கென்று வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் தொற்றி ஊருக்குள் போகிறது. மாஸ்டர் பக்தியோடு கண்ணில் ஒற்றி ஒற்றி ஓசூர் முழுக்க அதைப் பரப்பியிருக்கிறார்.

நகல்தான் குற்றவாளி என்று முழுசாக நிரூபிக்க வேண்டுமானால், கெடாத ஒரு ஃப்ளாப்பியால் மெஷினைக் கிளப்ப வேண்டும். அது ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது, பிள்ளையார் படத்துக்குப் பின்னால். அதைத் தயாரித்தவர்களிடமிருந்து வரும்போதே அதில் வெட்டு கிடையாது, யாரும் எதுவும் எழுத முடியாது.

“போய் மாஸ்டர் கிட்ட கேக்கலாம்” என்றேன்.

“பேட கணே!” என்று என் கையைப் பிடித்தாள் தோழி. வேண்டாம்டி என்று கன்னடத்தில் பதறினாள். “சாமி சுழியிலதான் நோவு வருதுன்னு சொல்லுவியா? நம்மள வெளிய தள்ளிப் பூட்டிருவாரு.”

சித்தியிடம் ஓடினோம். அவள் எங்கள் சோதனையைத் தானே ஒருமுறை செய்து பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, “ஞாயித்துக்கெழம வரட்டும்” என்றாள். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்து முட்டைக் குழம்பு வைத்தாள்.

ஞாயிறு காலை மாமா சென்டருக்கே வந்தார், கையில் ஒரு பெரிய தகரப் பெட்டியோடு. சித்தியின் சாமான்களை அள்ளிக்கொண்டு போகக் காலியாகக் கொண்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னதில் அவருக்கு ஏற்கெனவே எரிச்சல். மேனேஜர் வந்தார். மாஸ்டர் எல்லாருக்கும் காபி வரவழைத்தார். நானும் தோழியும் சுவரோரம் நின்றோம்.

“யாரு கொண்டாந்து போட்டதுன்னு சொல்லுங்க, அது போதும்” என்றார் மேனேஜர்.

“யாருன்னு எனக்குத் தெரியாதுங்க சார்” என்றாள் சித்தி. “எப்படிப் போகுதுன்னு தெரியும். காட்டறன். மாஸ்டர், சாமி கிட்ட இருக்கற ஒரிஜினல ஒரு தடவ குடுங்க.”

மாஸ்டர் சித்தியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். “அத இதுவரைக்கும் நான் போட்டதே இல்லம்மா” என்றார்.

“அதனாலதான் மாஸ்டர் கேக்கறன்.”

அவர் எழுந்து படத்துக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தார். சந்தனத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணில் ஒற்றினார். கொடுத்தார்.

சித்தி முதல் மெஷினை அணைத்து, ஒரிஜினலைப் போட்டுக் கிளப்பினாள். மேனேஜர் தானே பிரித்த ஒரு புது ஃப்ளாப்பியை உள்ளே தள்ளிச் சோதித்தாள். சுத்தம். மெஷினை அணைத்து, மாஸ்டரின் நகலைப் போட்டுக் கிளப்பினாள். “இப்ப நீங்களே சுழி போடுங்க மாஸ்டர்” என்றாள். அவர் அதே ஃப்ளாப்பிக்குச் சுழி போட்டார். சோதித்தாள். கெட்டிருந்தது. அடுத்ததற்கு என் தோழியிடமிருந்து ஒரு பொட்டு வாங்கி ஒட்டி உள்ளே விட்டாள். சுத்தம். மேனேஜர் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். இன்னொரு ஃப்ளாப்பியை அவரே போட்டுப் பார்த்தார்.

“சுழியிலயா இருக்குது?” என்றார் மாஸ்டர். குரல் அவருடையதாகவே இல்லை.

“சுழியில இல்லீங்க மாஸ்டர். மெஷினக் கெளப்பற நகல்ல.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். “ஊரு பூரா நானே கையால எழுதிக் குடுத்திருக்கறன்! சரி, கைராசி போனாப் போவுது. எந்தெந்தக் கடைக்குக் குடுத்தன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரிஜினல எடுத்துக்கிட்டு சைக்கிள்ல கெளம்பறன்.” அப்படியே செய்தார், அதற்காகவே இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. முதன்முதலில் அந்த நகலில் அதை ஏற்றியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பெரியவர்கள் எல்லாரும் ‘யார்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு கேள்வியால் சித்தியின் வேலை போக இருந்தது.

மேனேஜர் சித்தியிடம் வந்து, “நான் சொன்னது தப்புதானுங்க” என்றார். பிறகு, “எங்க ஆபீசுக்கே வந்திருங்க. உள்ள வர்ற ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் பாத்துட்டு விடோணும், அதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க” என்றார்.

மாமா இத்தனை நேரமும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். “பொட்டு வெக்கற வேலைக்கா சம்பளம்?” என்றார்.

“ஆமாண்ணா” என்றாள் சித்தி.

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அறைக்கு வந்தோம். மடித்து வைத்த புடவைகள் பாயில் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பையைக் கையில் எடுத்தார். “லீவு முடியப் போவுது, நீ கெளம்பு” என்றார்.

“சித்தி?”

“அவ இருக்கட்டும்.”

“துணைக்கு யாரு மாமா?”

“அவளுக்கு எதுக்குத் துணை?” என்றார், என்னவோ அதை அவரே எப்போதும் சொல்லி வந்தது போல. சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நானும் அழுதேன், எனக்குப் போக மனமில்லை. சூளகிரி வரை பஸ்ஸில் தேம்பிக்கொண்டே வந்தேன். மாமா வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தார். காலிப் பெட்டி எங்கள் முழங்காலுக்கு முன்னால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

“அந்தப் பொட்ட எடுத்துட்டா மறுபடி எழுதலாமா?”

“எழுதலாம் மாமா.”

“யாரு எடுக்கணும்?”

“ஃப்ளாப்பி யாருதோ அவங்கதான்.”

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்தார். பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, அதை உள்ளே போட்டு மூடினார்.